அல்லி ராஜ்யம் கண்ட அம்மையார்

நம் வீடுகளில் பெண் ஒருத்தி சற்றே குரலை உயர்த்திப் பேசிவிட்டால் போதும், இங்கே என்ன அல்லி ராஜ்யமா நடக்கிறது என்று கேட்டுவிடுவார்கள். மைசூர் மைன்ஸ் லைன் வீடுகளில் பிறந்து வளர்ந்த எனக்கு அந்தக் கேள்வி தாலாட்டைப் போலப் பழகியது. வட ஆற்காட்டு மண்ணைவிட்டுப் பிழைப்புத் தேடிவந்த எங்கள் முன்னோர் மூட்டை முடிச்சுகளோடு கொண்டுவந்த சொத்துகளுள் அல்லி கதையும் ஒன்று. ஆயா சொல்லக் கேட்டிருக்கிறேன். மதுரையை ஆண்டாள் அல்லி. அவள் அமைச்சர் பெண், அவள் சேனை பெண், ஆண் வாடையே ஆகாது அவளுக்கு. முடிவு என்ன? அருச்சுனன் பாம்பாக உருமாறி வந்து, அவள் உறங்கும் வேளையில் தாலியைக் கட்டிவிடுகிறான். அத்தனை வீரமும் அந்த ஒரு முடிச்சில் அடங்கிப் போகிறது. புகழேந்திப் புலவர் பெயரில் வழங்கிவரும் அந்த மாலையைப் பெரிய எழுத்துப் புத்தகத்தில் நானே பின்னர் படித்தேன். ஆயா சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை.

சரித்திர நாவல்களுக்கு வந்தாலும் கதை பெரிதாக மாறிவிடவில்லை. கல்கியின் பொன்னியின் செல்வனைப் படிக்காத தமிழ் மாணவர் நம்மில் எத்தனை பேர்? அதில் நந்தினி எப்படி வருகிறாள்? மூடுபல்லக்கில் வருகிறாள். அவளைக் காண மந்திரவாதி வந்துபோகிறான் என்று அரண்மனை முழுதும் பேசிக்கொள்கிறது. ஆடவர் அரசவையில் அமர்ந்து நாட்டைப் பங்கு போடுகிறார்கள். அவளுக்கோ அவையில் இடமில்லை. ஆகவே திரைக்குப் பின்னால் இருந்து மயக்கவேண்டும், சூழவேண்டும், மாயம் செய்யவேண்டும். அறிவுள்ள பெண்ணை அவையில் அமர்த்த மனம் வராதபோது கதாசிரியர்கள் அவள் கையில் மந்திரத்தைக் கொடுத்துவிடுகிறார்கள் என்பது என் எண்ணம். கல்கியின் மேல் எனக்குள்ள மதிப்பு இதனால் குறையவில்லை. பத்தாம் நூற்றாண்டைப் பற்றி எழுதியவர் வேறென்ன செய்வார் என்றும் கேட்கலாம்.

ஆனால் அந்தத் திரைக்குப் பின்னாலேயே உண்மையாக வாழ்ந்த பெண் ஒருத்தி மாயக் கதை எழுதினால் எப்படி இருக்கும்? எழுதினார் ஒருவர். அவர் தமிழர் அல்லர், வங்காளி. ஆயினும் அவருடைய கதை முதன்முதல் அச்சேறியது நம் சென்னையில். அவர்தாம் ரொக்கேயா சகாவத் ஹுசைன் அம்மையார்.

இன்றைய வங்க தேசத்தில் ரங்கபூரை அடுத்த பாய்ராபந்து என்னும் கிராமத்தில் 1880ஆம் ஆண்டு அவர் பிறந்தார். (மைசூர் தங்கச் சுரங்கக் கம்பெனி தோன்றியதும் அதே 1880இல்தான். ஊர்ப்பற்று என்னை இதைச் சொல்லாமல் விடவில்லை.) தந்தையார் பெரும் ஜமீன்தார். பல மொழி கற்றவர். நான்கு மனைவியரை உடையவர். ஆண் மக்களைக் கல்கத்தாவுக்கு அனுப்பி ஆங்கிலக் கல்வி தந்தவர், பெண் மக்களுக்கு வேதம் ஓதும் அளவோடு போதும் என்று நிறுத்திக்கொண்டார். வங்க மொழிகூட அந்த வீட்டுப் பெண்களுக்கு விலக்கப்பட்ட கனியாய் இருந்தது. தாய்மொழியில் எழுதப் படிக்கத் தெரிந்த பெண் தரம் கெட்டவள் என்று எண்ணிய காலம் அது.

கோஷா என்று நாம் சொல்லும் அந்தத் திரை வழக்கம் எத்தகையது? சென்னைத் திருவல்லிக்கேணியில் கோஷா ஆஸ்பத்திரி என்றே ஒன்று பெயர்பெற்று இருந்ததால் தமிழருக்கு அச்சொல் புதிதன்று. ஆனால் பொருளின் கடுமை நமக்கு முழுதும் தெரியாது. ஆடவர் கண்ணில் படாமல் ஒளிந்தால் போதாது, முன்பின் அறியாத பெண்கள் கண்ணிலும் படக்கூடாது! ஐந்து வயதுக் குழந்தை ரொக்கேயா, உறவினர் வீட்டிலிருந்து புதிய பணிப்பெண்கள் வந்தபோதெல்லாம் ஓடி ஒளிந்தாள். ஒருமுறை மச்சு அறையில் நாட்கணக்கில் பதுங்கிக் கிடந்ததைப் பிற்காலத்தில் அவரே எழுதி வைத்திருக்கிறார். பசித்து வாடிய அந்தக் குழந்தைக்குச் சோறு கொண்டுவருவதையும் சிலவேளை மறந்துவிட்டார்களாம்.

அக்காள் கரீமுன்னிசா முற்றத்து மண்ணில் குச்சியால் வங்க எழுத்துகளை எழுதிப் பழகினார். அது வெளிப்பட்டது. விரைவில் திருமணம் செய்து அனுப்பிவிட்டார்கள். தங்கையின் விதியும் அப்படியே முடிந்திருக்கும். முடியாமல் காத்தவர் அண்ணன் இப்ராகிம் சாபர். பகலெல்லாம் வீடு விழித்திருக்கும். இரவில் தந்தையார் உறங்கிய பின், மெழுகுவத்தி வெளிச்சத்தில் அண்ணன் தங்கைக்கு ஆங்கிலம் கற்பித்தார். திருட்டுத்தனமாகக் கற்ற கல்வி! மந்திரவாதிகள் மந்திரம் கற்பதும் நள்ளிரவில்தான் என்று கதைகளில் படிக்கிறோம் அல்லவா? ரொக்கேயா கற்ற மந்திரம் அகர வரிசை. தாம் எழுதிய பத்மராகம் என்னும் நாவலைப் பின்னாளில் அந்த அண்ணனுக்கே அவர் காணிக்கையாக்கினார்.

இருபது வயதை எட்டுமுன்னரே அவருக்குத் திருமணம் ஆயிற்று. மாப்பிள்ளை சகாவத் ஹுசைன் பீகாரைச் சேர்ந்தவர், பகல்பூரில் டெப்டி மாஜிஸ்திரேட், இங்கிலாந்து சென்று வந்தவர், மனைவியை இழந்தவர், வயதில் மிக மூத்தவர். இப்படிச் சொன்னதும் நம் மனம் ஒரு கொடுமைக் கதையை எதிர்பார்க்கும். அது நடக்கவில்லை. அவர் மனைவியை ஆங்கிலத்தில் எழுதத் தூண்டினார். பெண்களுக்குப் பள்ளி வைக்கவேண்டும் என்று அவரோடு கூடிக் கனவு கண்டார். அதற்கென்றே 10,000 ரூபாய் ஒதுக்கியும் வைத்தார். பிறந்த பெண் குழந்தைகள் இரண்டும் பச்சிளம் பருவத்திலேயே மறைந்தன. வீட்டில் இருந்த பெருந்துன்பம் அதுதான்.

இனி அந்தக் கதைக்கு வருவோம். கணவர் அலுவல் நிமித்தம் வெளியூர் சென்றிருந்த நாளில், தனிமை போக்க ரொக்கேயா ஆங்கிலத்தில் ஒரு கதை எழுதினார். திரும்பி வந்த கணவர் அதை நின்றபடியே படித்து முடித்தார். ஆண்களைப் பயங்கரமாகப் பழிவாங்கியிருக்கிறாயே என்னும் பொருள்பட வியந்தார். சுல்தானாவின் கனவு என்ற அந்தக் கதை 1905இல் சென்னையிலிருந்து வெளிவந்த இந்தியன் லேடீஸ் மேகஸீன் பத்திரிகையில் வெளியாயிற்று. அதன் ஆசிரியை கமலா சத்தியநாதன் என்னும் பெண்மணி. 1908இல் கல்கத்தாவில் தனி நூலாகவும் வந்தது.

கதையில் சுல்தானா சாய்வு நாற்காலியில் சாய்ந்தபடி இந்தியப் பெண்களின் நிலையை எண்ணிக் கண்ணயர்கிறாள். சாரா என்னும் தோழி வந்து வெளியே அழைத்துச் செல்கிறாள். தெருவில் இறங்கினால் எங்கும் பெண்கள். ஓர் ஆண்மகன் கூடக் காணோம். அவர்கள் எல்லாம் வீட்டுக்குள்ளே, அடைப்புக்குள்ளே, சமையலும் பிள்ளை வளர்ப்புமாக இருக்கிறார்கள்! பைத்தியக்கார விடுதியிலிருந்து தப்பியவர்கள் வெளியே திரிந்து தீங்கு செய்தால் அவர்களை அடைப்பதா, நல்லறிவுள்ளவர்களை அடைப்பதா என்ற போக்கில் சாரா வாதம் செய்கிறாள். பெண்ணுக்குத் தீங்கு செய்பவன் ஆண் என்றால் அடைக்கவேண்டியது யாரை? எளிய கேள்விதான். நூற்றாண்டு கடந்தும் விடை சொன்னவர்களை நான் பார்க்கவில்லை.

இந்த அல்லி ராஜ்யம் எப்படி வந்தது? இங்கேதான் விஞ்ஞான மாணவியாகிய என் மனம் துள்ளியது. வாளால் வரவில்லை, வசியத்தால் வரவில்லை. அந்நாட்டு அரசி பெண்களுக்கெல்லாம் கல்வி கட்டாயம் என்றும், இருபத்தோரு வயதுக்கு முன் திருமணம் கூடாது என்றும் ஆணையிட்டாள். பெண்களுக்கென்று பல்கலைக் கழகங்கள் எழுந்தன. அவற்றுள் ஒன்று, குழாய்கள் பொருத்திய கூண்டை வானில் நிறுத்தி மேகத்திலிருந்தே நீரை இறக்கியது. மற்றொன்று சூரிய வெப்பத்தைத் திரட்டிச் சேமித்து வைக்கக் கற்றது. ஆடவர்களோ படைபலம் பெருக்குவதிலேயே கருத்தாய் இருந்தார்கள். பெண்களின் ஆராய்ச்சியை வெறும் பிதற்றல் என்று நகைத்தார்கள். பின்னர் போர் வந்தது. அண்டை நாட்டிலிருந்து அடைக்கலம் புகுந்தவர்களை அரசி காட்டிக்கொடுக்க மறுத்ததால் வந்த போர் அது. படைகள் தோற்றன, நாடு பறிபோகும் நிலை. அப்போது பல்கலைக் கழகத் தலைவி முன்வந்தாள். ஆனால் ஒரு நிபந்தனை. பெண்கள் வெளியே வருமுன் ஆண்கள் அடைப்புக்குள் போய்விடவேண்டும். களைத்துப்போன ஆடவர் மறுப்பின்றி உள்ளே போனார்கள். தலைவி 2,000 மாணவிகளோடு களம் சென்று, சேமித்த சூரியக் கதிரையெல்லாம் பகைவர் மேல் திருப்பினாள். வெப்பம் தாளாமல் அவர்கள் ஓடினார்கள். உள்ளே போன ஆண்கள் மீண்டும் வெளியே வரவேயில்லை.

பாருங்கள், அருச்சுனன் பாம்பாக வர இங்கே இடமே இல்லை!

1905ஆம் ஆண்டு என்பதை மறவாதீர்கள். ரைட் சகோதரர்கள் பறந்து இரண்டே ஆண்டுகள். இந்தக் கதையிலோ பெண்கள் மின்சாரத்தால் இயங்கும் வான ஊர்தியில் செல்கிறார்கள். பாரத்தைத் தூக்க எடைக்குத் தக்க ஹைட்ரஜன் பந்துகளைக் கட்டிக்கொள்கிறார்கள். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு கன மீட்டர் ஹைட்ரஜன் ஏறத்தாழ 1.1 கிலோ எடையைத் தூக்கும். இரண்டு பெண்களைத் தூக்க 100 கன மீட்டர் வேண்டும். அதாவது எங்கள் லைன் வீடுகள் மூன்று நான்கைச் சேர்த்தால் வரும் அளவு! அம்மையாரின் பந்துகள் அத்தனை பெரியவையாய்த் தோன்றவில்லை. போகட்டும், பௌதிகத்தில் ஒரு மதிப்பெண் குறைத்துக்கொள்ளலாம். சூரிய வெப்பத்தைப் பொறுத்தவரை குறைக்க இடமில்லை. 1878இல் பம்பாயில் ஆடம்ஸ் என்ற ஆங்கிலேயர் கண்ணாடிகளால் வெயிலைக் குவித்து நீராவி எந்திரத்தை இயக்கிக் காட்டியிருந்தார். அதே ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் மூஷோ என்ற பிரெஞ்சுக்காரர் வெயிலைக் கொண்டே பனிக்கட்டி செய்தார். இவற்றையெல்லாம் உலகம் மறந்து நிலக்கரியின் பின்னே ஓடிய காலத்தில், பள்ளிக்கூடத்தையே மிதித்திராத பெண் ஒருத்தி, வெயிலால் சமைக்கும் புகையில்லாத அடுப்பை எழுதினாள். அடுப்புப் புகையில் கண் கசக்கியவர்களுக்குத்தான் அந்தக் கற்பனை தோன்றும். நீராவி எந்திரத்தை நினைத்தவர்களுக்கு அது தோன்றவில்லை.

மின்சாரத்தைப் பற்றியும் ஒரு சொல். சிவசமுத்திரத்து அருவியிலிருந்து 90 மைல் தாண்டி எங்கள் சுரங்கங்களுக்கு மின்சாரம் வந்தது 1902இல். பெங்களூருக்கு அது வந்தது 1905இல், அதாவது சுல்தானா கனவு கண்ட ஆண்டில். அந்த மின்சாரம் எங்கள் ஊரில் எதை இயக்கிற்று? ஆண்களைப் பூமிக்குள் இறக்கித் தங்கத்தை மேலே ஏற்றிற்று. பெண்ணுக்குச் சுரங்கத்தின் உட்புறம் விலக்கு. 1952ஆம் ஆண்டுச் சட்டம் பெண்ணைப் பூமிக்கு அடியில் வேலைக்கு வைக்கக்கூடாது என்றும், மேலே வைத்தாலும் பொழுது சாய்ந்தபின் கூடாது என்றும் விதித்தது. பாதுகாப்புக்காக என்றார்கள். 1965இல் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழத்தில் நியூட்ரினோத் துகள்களைக் கண்டறிந்து உலகப் பெயர் பெற்ற ஆராய்ச்சி நடந்தது. பௌதிகம் படிக்க என்னைத் தூண்டியதே அந்தக் கதைதான். பெண்ணுக்கிருந்த அந்தத் தடையை நிபந்தனைகளோடு தளர்த்தியது 2019இல். எங்கள் சுரங்கங்களை மூடியதோ 2001இல்! திறந்த கதவுக்குப் பின்னால் நீர்தான் நிறைந்து கிடக்கிறது.

தங்கத்தைப் பற்றியும் ரொக்கேயா அம்மையார் எழுதியிருக்கிறார். 1904இல் வெளிவந்த அவருடைய கட்டுரை ஒன்று பெரும் புயலைக் கிளப்பியது. நகைகள் அடிமைத்தனத்தின் அடையாளங்கள் என்றார். கைதிக்கு இரும்பு விலங்கு, நமக்குப் பொன் விலங்கு. மாட்டுக்கு மூக்கணாங்கயிறு, நமக்கு மூக்குத்தி. வேறுபாடு உலோகத்தில்தான் என்று அவர் எடுத்துக்காட்டிய விதம் பலருக்குக் கசந்தது. மோதிச்சூர் என்ற தொகுப்பில் அக்கட்டுரையைச் சேர்த்தபோது சில பத்திகளை நீக்கவேண்டி வந்தது. பிள்ளைக்குச் சங்கிலி போட ஒரு சவரன் சேர்க்கப் பாடுபடும் எங்கள் ஊர்த் தாய்மாரிடம் இதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஆபத்தில் அடகுக்கு உதவுவது அந்த விலங்குதானே? இந்த ஓரிடத்தில் ஜமீன்தார் வீட்டுப் பெண்ணும் லைன் வீட்டுப் பெண்ணும் வேறுபடுகிறார்கள்.

கணவர் நீரிழிவு நோயால் பார்வை இழந்து, 1909 மே மாதம் காலமானார். துக்கம் ஆறுமுன் அதே ஆண்டு அக்டோபரில் பகல்பூரில் அவர் பெயரால் ஐந்து மாணவிகளோடு ஒரு பள்ளியைத் தொடங்கினார் ரொக்கேயா. கணவரின் முதல் தாரத்து மகள் வழியில் வந்த சொத்துத் தகராறு அவரை அங்கே நிலைக்கவிடவில்லை. கல்கத்தா சென்றார். 1911 மார்ச் 16இல் வலியுல்லா சந்தில் எட்டு மாணவிகளோடு மீண்டும் பள்ளியைத் தொடங்கினார். நடத்துவது எப்படி என்பதை அறிய, பிற பெண்பள்ளிகளுக்குச் சென்று அமர்ந்து பார்த்துக் கற்றார். பள்ளியில் பயின்றறியாதவர் அல்லவா? வீடு வீடாகச் சென்று பெண்களை அனுப்புமாறு கெஞ்சினார். திரை கெடாமல் அழைத்துவந்து திரை கெடாமல் கொண்டுவிடுவேன் என்று வாக்களித்தார்.

அந்த வாக்கைக் காக்கப் பட்ட பாடு தனிக் கதை. பள்ளிக்கு மோட்டார் வண்டி ஒன்று வாங்கினார்கள். காற்றும் ஒளியும் புகாதபடி நாற்புறமும் அடைத்த வண்டி. முதல் நாளே இருட்டிலும் புழுக்கத்திலும் குழந்தைகள் வாந்தி எடுத்தார்கள், சிலர் மயங்கினார்கள். தாய்மார் சீறினார்கள். சரி என்று பலகையைக் கழற்றித் திரைச்சீலை தொங்கவிட்டார் அம்மையார். அன்றைக்கே கடிதங்கள் வந்தன. திரை காற்றில் பறக்கிறது, பெண்கள் முகம் தெரிகிறது, பத்திரிகையில் எழுதி மானத்தை வாங்குவோம் என்று மிரட்டல்கள்! அடைத்தாலும் குற்றம், திறந்தாலும் குற்றம். இடையில் நின்று பள்ளியை நடத்தினார்.

இத்தகைய நிகழ்ச்சிகள் 47ஐத் தொகுத்து அவர் எழுதிய நூல் அவரோதவாசினி. அதில் ஒன்றைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. கியூல் ரயில் நிலையத்தில் வண்டி மாறும்போது, அவர் கணவர் வழி உறவுப் பெண்மணி ஒருவர் தம் அங்கியில் கால் சிக்கித் தண்டவாளத்தில் விழுந்துவிட்டார். தூக்க ஓடிவந்த ஆண்களை, தொடாதீர்கள் என்று பணிப்பெண் தடுத்தாள். அவள் ஒருத்தியால் தூக்கவும் முடியவில்லை. சிறிது நேரம் காத்திருந்த ரயில் புறப்பட்டது. நிலையம் நிறைய ஆட்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூர் ரயிலில் நாள்தோறும் நெருக்கியடித்துச் சென்று படித்தவள் நான். மேடையில் கால் வைக்கும்போதெல்லாம் சில நாள் அந்தப் பெண்மணியின் நினைவு வந்தது.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். ரொக்கேயா அம்மையார் தாம் வெளியே சென்றபோதெல்லாம் அங்கி அணிந்தே சென்றார். அவர் பகைத்தது அடைப்பை, மதத்தை அன்று. அச்சமின்றி நடமாட உதவுமானால் துணி ஒரு பொருட்டல்ல என்று கருதினார். இதைக் கோழைத்தனம் என்பாரும் உளர். கடிதம் எழுதி மிரட்டியவர்களின் பெண்களையே பள்ளிக்கு வரவழைக்கவேண்டியிருந்த ஒருவருடைய சூழ்ச்சி என்று நான் கொள்கிறேன். கனவில் ஆண்களை எல்லாம் உள்ளே பூட்டிய கைதான், விழித்திருக்கையில் திரைச்சீலையை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தது.

1916இல் ஏழை முஸ்லிம் பெண்களுக்காகச் சங்கம் ஒன்றை நிறுவினார். 1924இல் வந்த பத்மராகத்தில் பல மதப் பெண்களும் கூடி வாழ்ந்து உழைக்கும் இல்லம் ஒன்றைப் படைத்தார். இந்த முறை கனவு இல்லை, மாயம் இல்லை. தையல் எந்திரமும் பள்ளிக்கூடமும் மருத்துவமனையும்தான்.

அவர் மறைந்த மறு ஆண்டு, 1933இல், பம்பாய்ப் பட்டதாரிப் பெண் ஒருவர் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் ஆராய்ச்சிக்கு இடம் கேட்டார். பின்னாளில் கமலா சொஹோனி என்று பெயர் பெற்றவர். பெண் என்பதால் இடமில்லை என்றார் தலைமை வகித்த சர் சி. வி. ராமன். விடாமல் நின்று கேட்டபின் நிபந்தனைகளோடு இடம் கிடைத்தது. இன்று அப்படி யாரும் சொல்வதில்லை. ஆனால் முன்பு நான் தங்கிப் படித்த ஓரிடத்தில், ஆய்வுக்கூடத்துக் கருவி எனக்கு இரவு பத்து மணிக்குத்தான் கிடைக்கும். பெண்கள் விடுதிக் கதவு எட்டரை மணிக்கு மூடும். என் பாதுகாப்புக்காகத்தான். ஆண்கள் விடுதிக்குக் கதவே இருந்ததாக நினைவில்லை. என் அளவீடுகளை வகுப்புத் தோழர் ஒருவர் எடுத்துத் தந்தார். நல்ல பிள்ளை, பிழையின்றி எடுத்தார். அந்த ஏட்டைப் புரட்டும்போது மட்டும், கையெழுத்து என்னுடையதில்லையே என்று தோன்றும்.

1932 டிசம்பர் 8ஆம் நாள் இரவு ரொக்கேயா அம்மையார் நெடுநேரம் விழித்து எழுதிக்கொண்டிருந்தார். பெண்ணுரிமை பற்றிய கட்டுரை அது. 9ஆம் நாள் விடியலில் உயிர் பிரிந்தது. கட்டுரை முடியாமல் மேசைமேல் கிடந்தது. பள்ளியோ அதற்குள் உயர்நிலைப் பள்ளியாய் வளர்ந்திருந்தது. கல்கத்தாவை அடுத்த சோதேபூரில் அவரை அடக்கம் செய்தார்கள். காலப்போக்கில் அந்த இடம் மறந்துபோயிற்று. வெகுநாள் கழித்து வரலாற்றறிஞர் ஒருவர் தேடிக் கண்டுபிடித்தபோது, பானிஹாட்டியில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியின் வளாகத்துக்குள் அது இருந்தது.